சுவோ தியென்லாய் வீட்டுக் கணினியில் அழிய மறுத்த ஃபோல்டர் குறித்து

என் பெயர் லெங் யாஹுவெய், வயது முப்பத்தாறு, தந்தை பெயர் லெங் குவோஷு. தைனான் நகரம், ஜியாலி வட்டம், கோயில் பின்தெருவில் மோட்டார் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் வசித்து வருகிறேன். வீடுகளுக்குப் போய்க் கணினி பழுது பார்ப்பது என் தொழில். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி, நேற்று நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நேற்று காலை சுவோ ஜின்ஃபா என்பவர் போனில் கூப்பிட்டு, இறந்துபோன தன் அண்ணன் வீட்டுக் கணினியில் ஒரு ஃபோல்டர் அழிய மாட்டேன் என்கிறது, வந்து அழித்துத் தர வேண்டும் என்றார். அவரை எனக்கு முன்பின் தெரியாது. மீன்குட்டைகளுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் அவருடைய நீல நிறச் சிறு லாரி நின்றிருந்தது. இறந்தவரின் மனைவி யென் சூசின் என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அவருடைய கணவர் சுவோ தியென்லாய் சென்ற வசந்தத்தில் தன் குட்டையிலேயே பிணமாகக் கிடந்தார் என்பதும், அவராகவே தண்ணீரில் இறங்கிவிட்டதாக ஊரில் பேச்சு என்பதும் அந்த அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரும்மா. நான் என்ன குறை வச்சேன்னு, சாப்பிட உக்காரும்போதெல்லாம் அதான் ஓடுது" என்று அவர் சொன்னார். கணினி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

கணினி சாமி மேடை இருந்த கூடத்திலேயே இருந்தது. இயந்திரம் நம் பேச்சைக் கேட்டு ஒழுங்காக ஓட வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் வைப்பதுபோல, பெட்டியின் மேல் பச்சை உறைபோட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருந்தது. நான் பையைத் திறப்பதற்குள் ஜின்ஃபா அதைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தார். "அது மெஷினோடதுங்க" என்றேன். "பசிச்சா மெஷினே வாயத் தொறந்து கேக்கட்டும்" என்று சிரித்தார். அந்தப் பொட்டலத்தின் மேல் கை வைத்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடிக்காமல் போயிற்று. இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார், நான்தான் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அழிக்க வேண்டிய ஃபோல்டரில் குட்டைக்கரைக் கேமராக்கள் எடுத்த வீடியோப் படங்கள் இருந்தன. இடம் அடைக்கிறது என்று ஜின்ஃபா சொன்னார். பெட்டியையே தூக்கி எறிந்துவிடலாம் என்று தான் சொன்னதாகவும், குடும்பப் படங்கள் அதில் இருப்பதால் அண்ணி விடவில்லை என்றும் சொன்னார். நான் அழிக்கும் கட்டளை கொடுத்ததும், இதை அழிக்க சுவோ தியென்லாயிடம் அனுமதி பெற வேண்டும் என்று திரையில் வந்தது. அந்த அம்மாள் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, இறந்தவரிடம் கேள்வி கேட்கப் போடும் இரண்டு பிறைக்கட்டைகளைச் சாமி மேடையிலிருந்து எடுத்து வந்தார்.

"கேளுங்க அண்ணி, தாராளமாக் கேளுங்க. அண்ணன் மாட்டேன்னா சொல்லப்போறாரு?" என்றார் ஜின்ஃபா. கட்டைகளில் ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சம்மதம், இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் குப்புற விழுந்தன. மறுபடி போடச் சொன்னார், மறுபடியும் குப்புற விழுந்தன. "கை நடுங்குது உங்களுக்கு, அதான். இன்னொரு தடவை போடுங்க" என்றார். அதன் பிறகும் அப்படியே விழுந்ததால் என் பக்கம் திரும்பி, "நீ உன் வேலையப் பாரும்மா. செத்தவன் வந்து கையெழுத்தா போடப்போறான்?" என்றார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். "தம்பி சொல்றாரு. செஞ்சிடும்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தச் செய்தியில் பேய் பிசாசு எதுவும் இல்லை. தியென்லாய் தன் பெயரில் நுழைபவரைத் தவிர வேறு யாரும் அந்த ஃபோல்டரைத் தொடாதபடி பூட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். நான் உரிமையாளர் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் அழிக்கப் பார்த்தேன். இப்போது அனுமதி பற்றிப் பேச்சில்லை. உள்ளே ஒரு படம் திறந்திருக்கிறது, முதலில் அதை மூடுங்கள் என்று வந்தது. கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதுவே வந்தது. அதன் பிறகு, வீட்டு வைஃபை வழியாக யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. திறந்தவர் பெயர் சுவோ தியென்லாய், திறந்த இடம் அவருடைய லேப்டாப், பக்கத்தில் அதன் அடையாள எண். நான் அந்த இணைப்பைத் துண்டித்தேன். வரி மறைந்து, நான் கையை எடுப்பதற்குள் மீண்டும் வந்தது. அந்த வரியைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, அவரோட லேப்டாப் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அது அவரோடயே குட்டைக்குள்ள போச்சேம்மா. பையோட போயிடுச்சுன்னு தம்பிதான் சொன்னாரு. உடம்ப மொதல்ல பாத்ததும் இவருதான்" என்றார் அந்த அம்மாள்.

ஜின்ஃபா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். இந்த வைஃபை முற்றத்தைத் தாண்டி எட்டாது, லேப்டாப் இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று நான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் தொழில்புத்தி சொல்ல வைத்துவிட்டது. அந்த அம்மாள் திரையில் இருந்த கணவர் பெயரைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு சாமி மேடைக்கு முன்னால் மண்டியிட்டு, "இதக் கேக்க இத்தனை மாசமாப் பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்களாத்தான் தண்ணில எறங்குனீங்களா?" என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டார். இரண்டும் குப்புற விழுந்தன. "தம்பி கூட இருந்தாரா?" என்று கேட்டார். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தன.

"மரக்கட்டைக்கு என்ன அண்ணி தெரியும்?" என்று ஜின்ஃபா சொன்னார். சிகரெட் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனவர் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். லாரிச் சத்தம் முற்றத்தைத் தாண்டியதும் தியென்லாய் பெயர் இருந்த வரி போய்விட்டது. அதன் பிறகு வரவில்லை.

இப்போது ஃபோல்டரை அழிக்க எந்தத் தடையும் இல்லை. நான் அழிக்கவில்லை, திறந்திருந்த அந்தப் படத்தை ஓடவிட்டேன். அதில் மதகுப் பக்கம் அண்ணனும் தம்பியும் நின்று பேசுகிறார்கள், பிறகு தம்பி இரண்டு கைகளாலும் தள்ளுகிறார், பிறகு தண்ணீர் சொட்டும் அண்ணனின் லேப்டாப் பையோடு அவர் மட்டும் கரையேறுகிறார். நான் நிறுத்தப் போனபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். குட்டைகளின் மேல் சோலார் தகடு போடக் கம்பெனிக்கு விட வேண்டும் என்று தம்பியும், விட மாட்டேன் என்று அண்ணனும் சண்டையிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். அதன் பிறகு இருவரும் என் ஸ்கூட்டரிலேயே இந்த நிலையத்துக்கு வந்தோம், கணினிப் பெட்டியை அந்த அம்மாள் மடியில் வைத்திருந்தார்.

இன்று ஆய்வாளர் என்னைத் திரும்ப அழைத்து, போலீஸ் பிடித்த ஜின்ஃபாவின் லாரியில் இருக்கைக்குப் பின்னால் மழைக்கோட்டில் சுற்றிக் கிடந்ததாக ஒரு லேப்டாப்பைக் காட்டினார். அதன் அடையாள எண்ணும் என் போன் படத்தில் உள்ள எண்ணும் ஒன்றே. அதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே குட்டைச் சேறு காய்ந்து இறுகியிருந்தது, பேட்டரி ஊதிப் பிளந்திருந்தது, எல்லாம் துருப்பிடித்திருந்தது. தண்ணீரில் விழுந்ததற்குப் பிறகு இந்த லேப்டாப் ஒரு முறைகூட ஓடியிருக்க வழியில்லை. அப்படியானால் நேற்று நான் தவறாகப் பார்த்தேனா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். வேறு விளக்கம் உண்டா என்று கேட்டார். என்னிடம் இல்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

யென் சூசின் பக்கத்துப் பெஞ்சில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கரண்ட் இல்லாமலேயா வந்தாரு? செஞ்சிருப்பாரு, மின்சாரத்தச் செலவழிக்க மனசே வராது அந்த மனுசனுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு நிலையமே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். "எம்மேல இருந்த கோவத்துல போகலம்மா அவரு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இவை யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொன்னவை அல்ல. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எனக்கு விளங்காத இடங்களிலும் பொய் கலக்கவில்லை என்று உறுதி கூறிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) லெங் யாஹுவெய்