வண்டி திரும்ப இடம்

மேடம், அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? நேராகக் காற்று பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஊரில் கோயில் கோபுரத்து மைக்கில் அறிவிப்பு வாசிக்கிறவன் நான். தொண்டையைப் பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. ஒரு டம்ளர் வெந்நீர் கிடைத்தால் போதும்.

என் பெயர் கபிரியேல். முட்டத்துக்கு இந்தப் பக்கம் கடற்கரையில் எங்கள் ஊர். நெடுங்காலம் கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தேன். வேலையாட்களை கேம்பிலிருந்து சைட்டுக்கு ஏற்றி இறக்கும் பேருந்துகள் என் பொறுப்பு. வண்டி நேரத்துக்குக் கிளம்பினால் மற்ற எல்லாம் தானாக நடக்கும் என்று அங்கே கற்றுக்கொண்டேன். திரும்பி வந்ததும் பங்குப் பேரவையில் என்னைச் செயலாளராக்கினார்கள். பங்கு என்றால் கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். எங்கள் கடற்கரையில் பஞ்சாயத்தும் அதுதான், போலீசும் பெரும்பாலும் அதுதான். உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை.

நீங்கள் அஞ்சுகிராமம் பக்கம் என்று வெளியே இருக்கும் காவலர் சொன்னார். உங்கள் ஊரில் கைகாட்டினால் பேருந்து நிற்கும். எங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தாண்டிச் சந்திப்புக்குப் போனால்தான் பேருந்தின் முகத்தைப் பார்க்கலாம். அதுவரைக்கும் ஷாஜன் மாதிரி ஆட்களின் வேன்தான். மீன் விற்கப் போகும் பெண்களிடம் ஆளுக்குத் தனிக் காசு, மீன் சுமக்கும் ஓலைக் கடவத்துக்குத் தனிக் காசு. உள்ளே நிறையும்வரை வண்டி அசையாது. அதற்குள் மீன் பாதி செத்துப்போகும், ஏற்கெனவே செத்ததுதான் என்றாலும்.

நாகர்கோவில் மாநகராட்சி ஆனதிலிருந்து எல்லாத் திசையிலும் வீங்கிக்கொண்டு போகிறது. வடசேரியில் கிளம்பி, கடற்கரை ஊர்களைத் தொட்டு, பெரிய ஆஸ்பத்திரி வழியாக மறுபடி வடசேரிக்கே வரும் வட்டப் பேருந்து விடப்போவதாகப் பேச்சு வந்தது. மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன். கோட்டாறு வியாபாரிகள் சந்தைக்குப் பின்னால் நிறுத்தம் கேட்டார்கள். புது வீட்டுமனைக்காரர்கள், தங்கள் தெருவுக்குள் பேருந்து வந்தால் நிம்மதி போய்விடும் என்றார்கள். ஒருவர் எழுந்து, எந்த வழியாகவும் போகட்டும், மீன் கடவம் மட்டும் ஏறக்கூடாது என்றார். அதற்குக் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் முறை வந்தபோது மேடையிலிருந்த அதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “உங்க ஊர்ல பஸ் திரும்பறதுக்கு இடம் இல்லீங்களே” என்றார். நான் கயிறு போட்டு அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். கோயில் மைதானத்தில் கொடிமரத்தில் உரசாமல் தாராளமாகத் திரும்பும். படம் வரைந்துகூடக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அவசரத் தேவைன்னு காட்ட ஏதாவது இருக்கா? ஆஸ்பத்திரிக்குப் போக முடியாம யாராவது இறந்தது, அந்த மாதிரி? இருந்தா மேல எழுதுறது எனக்குச் சுலபம்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எங்கள் ஊர் இன்னும் அழவில்லை, அதுதான் குறை என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டோம். ஆண்கள்தான் கூட்டத்துக்கு வருவார்கள். பிறகு தீர்மானத்தை நான் மைக்கில் வாசிப்பேன், பெண்கள் வீட்டிலிருந்தபடி கேட்டுக்கொள்வார்கள். பேருந்து வரும்வரை வாடகை வண்டி எதிலும் நம் ஊரார் ஏறக்கூடாது, எல்லாரும் சேர்ந்து சந்திப்புக்கு நடக்க வேண்டும் என்று நான்தான் முன்மொழிந்தேன். நடக்கிற கூட்டத்தைப் பார்த்தாவது அரசாங்கத்துக்கு உறைக்கட்டும் என்றேன். மீறினால் அபராதம், அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர் போகாது. ஊர்க்கட்டுப்பாடு என்பார்கள் இதை. கோர்ட்டு உத்தரவைக்கூட எங்கள் ஆட்கள் ஏமாற்றுவார்கள், இதை ஏமாற்ற மாட்டார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். பின்பக்கத்து மணலைத் தட்டிக்கொண்டு எழும்பும் நேரத்தில் ஃபாதர் என்னைப் பார்த்து, “நோயாளிக்கும் பிள்ளைப்பேறுக்கும் விலக்கு உண்டு, கபிரியேல். அதையும் சேத்து வாசிச்சிருங்க” என்றார். சரி ஃபாதர் என்றேன். அன்று மாலையே அவர் குருக்களுக்கான தியானத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

நான் அந்த வரியை வாசிக்கவில்லை.

காரணம் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். விலக்கு என்று ஒன்றை வாசித்தால் மறுநாளே பாதி ஊருக்கு மூட்டுவலி வந்துவிடும். எங்கள் ஜனத்தை எனக்குத் தெரியும். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்த மீனும் அந்த வழியாகத்தான் போகும். ஃபாதர் சொன்னது முன்வரிசையில் சிலர் காதில் விழுந்திருக்கலாம். அதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் கூட்டத்தில் பேசியது ஒன்றும் மைக்கில் வருவது ஒன்றுமாக இருந்தால், மைக்கில் வந்ததைத்தான் தீர்மானம் என்று எடுப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு பேரவை உட்கார்ந்து மாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். பல தடவை அப்படி மாற்றியும் இருக்கிறோம்.

ஊர் நடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடவம் சுமந்த பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தடி ஊன்றின கிழவர்கள். பத்திரிகையில் பெருவிரல் அளவுக்கு ஒரு செய்தி வந்தது, அதுவும் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே. எனக்கு ஊரின் மேல் பரிதாபமும் பத்திரிகைக்காரன் மேல் ஆத்திரமும் வந்தன.

இரண்டாவது வாரத்தில், ஃபாதர் இன்னும் தியானத்திலிருந்து திரும்பாத ஒரு மத்தியானம், கிளாரா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். மீன் விற்கிறவள், புருஷன் இல்லை. மகன் சஜின் சென்னையில் வேலை பார்க்கிறான். மகள் பிரிஜா பிள்ளைப்பேறுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் கொச்சிப் படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான்.

“அண்ணே, பிள்ளைக்கு ரெத்தம் போவுது. ஷாஜன் வண்டியக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தியிருக்கான். ஏத்தட்டா?”

கவனியுங்கள், ஏற்றிவிட்டு வந்து சொல்லவில்லை. ஏற்றட்டுமா என்று கேட்க வந்தாள். அந்த நேரத்திலும் ஊருக்கு அடங்கி நின்ற அவள்மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை ஏற்பட்டது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. இதோ வந்துவிட்டது என்று தோன்றியது.

நான் போனபோது ஷாஜன் வேனின் கதவைத் திறந்து, இருக்கையில் போர்வைகூட விரித்து வைத்திருந்தான்.

“ஏத்திவிடுங்க அண்ணே. எனக்குக் காசு ஒண்ணும் வேண்டாம்.”

“காசு வாங்கலேன்னா வாடகை வண்டி இல்லேன்னு ஆயிருமாலே?” என்றேன்.

பக்கத்து வீட்டு சிஜோ தயங்கித் தயங்கி, “நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு ஃபாதர் சொன்ன மாதிரி இருந்துதே” என்றான்.

“மைக்கில வந்துதா?”

“இல்ல.”

“பின்னே?”

கிளாரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மெதுவாகத்தான் சொன்னேன். “இது ஊர்த் தீர்மானம் கிளாரா. எனக்கு ஒருத்தருக்காவ மாத்த முடியாது. சந்திப்பு வரைக்கும் நாம எல்லாரும் சேந்து தூக்கிட்டுப் போவோம். ஆம்புலன்சுக்கு நான் சொல்லுதேன்.” ஷாஜன் மறுபடி வாயைத் திறந்தான். இரண்டு பேர் அவனைத் தள்ளிக்கொண்டு போய் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். நான் தள்ளச் சொல்லவில்லை.

ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனால் முதலில் கூப்பிட்டது நிருபர் சிஜினைத்தான். பிறகு ஆம்புலன்ஸ். ஊருக்குள் எந்த இடம் என்று டிரைவர் கேட்டார். “ஊருக்குள்ள வண்டி திரும்ப இடமில்லை. சந்திப்பிலேயே நில்லுங்க, நாங்க கொண்டுவாறோம்” என்றேன். கிளாராவின் மகன் சஜின் பிறகு ஆம்புலன்ஸ்காரர்களுக்கு எழுதிப்போட்டு வாங்கிய பதிவில் இருப்பது என் குரல்தான், மறுக்கவில்லை. காலையில் நீங்கள் அதைப் போட்டுக் காட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் யாரோடு சண்டை போட்டேனோ அவர்களுடைய வாக்கியத்தையே பேசியிருக்கிறேன்.

நைலான் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கினோம். ஒரு முனையை நானும் பிடித்தேன், இந்த வயதில். கிளாரா மகள் முகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கால்வாய்ப் பாலம் ஏறியதும், கை மாற்றிக்கொள்வோம், கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்றேன். இளவட்டங்கள் எனக்குக் களைப்பு என்று நினைத்தார்கள். எனக்குக் களைப்பில்லை. நிருபர் சிஜின் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பாலத்தில் நின்றால் சந்திப்பு தெரியும். ஆம்புலன்சின் விளக்கு சுற்றிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. சிஜோ கட்டிலைத் தூக்கக் குனிந்தான். “பொறுலே, குலுங்கினா பிள்ளைக்குக் கேடு” என்று அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். பிரிஜா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, “மாமா, இன்னும் தூரம் உண்டா?” என்றாள். “ஆயாச்சு மக்கா, இந்தா ஆயாச்சு” என்றேன். தண்ணீர் கேட்டாள். கொடுக்கலாமா கூடாதா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிஜின் பைக்கில் வந்தான். பின்னால் கோயில் கோபுரம் தெரிகிற மாதிரி எடு என்று இடம் காட்டினேன். கிளாரா கேமராவைப் பார்க்கவில்லை, அதனால்தான் அந்தப் படம் அவ்வளவு நன்றாக வந்தது.

ஆம்புலன்சில் ஏற்றும்போது என் மணிக்கட்டில் அவள் பிடி இல்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் அது.

படம் முதல் பக்கத்தில் வந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அடக்கத்துக்கு வராத கட்சி இல்லை. அந்த அதிகாரியே நேரில் வந்து மைதானத்தை அளந்தார், என் கயிற்றளவு சரியாக இருந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பே பேருந்து வந்துவிட்டது. மாலை போட்டு, ஃபாதர் தீர்த்தம் தெளித்து, அது மைதானத்தில் முதல்முறை வட்டமடித்துத் திரும்பியபோது எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் அழுதேன். ஃபாதர் பிறகு ஒருநாள் அந்த வரியைப் பற்றிக் கேட்டார். மறந்துபோனேன் என்றேன். அவர் நம்பினார், நல்ல மனிதர்.

இப்போது நீங்கள் கேட்பது, நான் மறந்தேனா, தெரிந்தே விட்டேனா என்பதுதானே.

எங்கள் கோயிலில் மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பிணிகளைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஆசீர்வாதம் கொடுப்போம். அவர்கள் பெயரை வாசிப்பதும் நான்தான். அதனால் யாருக்கு எந்த மாதம் என்று எனக்குத் தெரியும். மைக்கின் முன்னால் நின்று அந்த வரியை விட்டபோது நாலைந்து முகங்கள் மனதில் வந்துபோயின. பிரிஜாவும் அதில் உண்டு. அவள்தான் என்று நான் நினைக்கவில்லை. யாராக இருந்தாலும் சரி என்றுதான் இருந்தேன். எனக்கு யார்மேலும் பகை கிடையாது. ஒரு சாவு வேண்டியிருந்தது, அது வருவதற்கு வழி விட்டேன், வந்தபோது பாலத்தில் இறக்கி வைத்துப் பிடித்துக்கொண்டேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்கு மனவருத்தம். முதல் பேருந்தில் முன் இருக்கையை கிளாராவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். கடவத்தோடு வந்தாள். பேருந்தைத் தாண்டிப் போய், தூரத்தில் ஒதுங்கி நின்ற ஷாஜனின் வேனைத் திறந்தாள். நான் பின்னாலேயே போய், “கிளாரா, இது நம்ம பஸ். உனக்குத்தான் முன் சீட்டு போட்டிருக்கு” என்றேன்.

“அன்னைக்கு ஏத்தாத வண்டியில இன்னைக்கு ஏறுதேன், அண்ணே” என்றாள்.

பதிவெல்லாம் வெளியே வருவதற்கு முன்பு இது. அவளுக்கு எதுவும் தெரியாது. துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தினமும் அதையேதான் செய்கிறாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வேனுக்குப் போகிறார்கள். பெண்களுக்குக் காசில்லாத பேருந்து காலியாகத் திரும்பிப் போகிறது. ஆள் ஏறவில்லை என்று வழித்தடத்தை எடுத்துவிடுவோம் என்று டிப்போவில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீங்கள் ஒரு பெண், நீங்களாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள், மேடம். இந்தப் பேருந்தும் நின்றுபோனால், அவள் மகள் வீணாகச் செத்தவளாகிவிடுவாள்.