பாத்திர ஓசை, நாற்பத்தொரு தடவை

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது ஐம்பத்து நான்கு. தனியார் ஆய்வகம் ஒன்றில் ஒலி அளக்கும் வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இந்தக் காவல் நிலையத்துக்கு என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, உட்கார்ந்து காத்திருப்பதுதான் என் வேலையே.

இந்த மாதம் நான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு, திறந்தவெளிச் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பில் கடைசி வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். அது ஒரு தையல்காரப் பெண்மணியின் வீடு. முன்வாசலில் தையல் மெஷின், உள்ளே ஒரு அறை, ஒரு சமையலறை, பின்சுவருக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் பள்ளம். பகலில் அந்த வீட்டில் அவரைத் தவிர ஆள் கிடையாது. சத்தம் ஐம்பத்தைந்து டெசிபலுக்குள் இருந்தால் பள்ளத்தை இன்னும் தோண்டிக்கொண்டு வந்து அவர் சுவருக்கு எண்பது அடியில் நிறுத்த அனுமதி கிடைக்கும், தாண்டினால் கிடைக்காது. அதற்குத்தான் அளவு.

அதன் பிறகு பின்வாசலில் முக்காலியை நிறுத்தி, கருவியைப் பொருத்தி, அளக்க ஆரம்பித்தேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. நாய் குரைத்தால், வாசலில் பைக் போனால், வீட்டுக்குள் ஏதாவது சத்தம் வந்தால், விலக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரம் கணக்கில் சேராது. சுரங்கச் சத்தத்தோடு கலந்து வந்தாலும் விலக்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு மட்டும் கருவிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் இரண்டு நாள் அளவும் முடிந்து கருவி ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அந்தப் பதிவை அழித்துவிடுவோம்.

அன்று சமையலறையில் பாத்திரம் சத்தம் போட்டபடியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அழுத்தினேன். தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கட்டைவிரல் தானாக அழுத்தியது, பத்தொன்பது வருடப் பழக்கதோஷம். சாயங்காலம் பார்த்தபோது நாற்பத்தொரு விலக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கட்டத்தில் "வீட்டுப் பாத்திர ஓசை" என்று எழுதினேன். விடை ஐம்பத்து மூன்று வந்தது. முதல் அளவின் அறிக்கை மறுநாளே போய்விட்டது.

அதன் பிறகு பதினெட்டாம் தேதி இரண்டாம் அளவுக்காக அதே வீட்டுக்குப் போனேன். உள்ளே போனதும் வீட்டைக் காலி செய்கிறார்களோ என்று நினைத்தேன். சமையலறை அலமாரித் தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பாத்திரங்கள் முழுவதும் கட்டில்மேல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் துணித்துண்டு வைத்து, மேலே போர்வை போர்த்தியிருந்தது. தண்ணீர்க் குடத்தைக்கூடப் பழைய தலையணைமேல் உட்கார வைத்திருந்தார். என்னம்மா இது என்று கேட்டேன். குடியிருப்போர் சங்கத்தில் அறிக்கையின் நகல் கொடுத்தார்களாம், வரி விடாமல் படித்திருக்கிறார்.

"இனிமே பாத்திரம் பேசாது. நீங்க அளங்க, சார்" என்றார்.

நான் முக்காலியை விரித்தேன். அவர்தான் மேலே கேட்டார். "அன்னைக்கு முழுக்க உங்க பக்கத்துலதானே ஸ்டூல் போட்டு உட்காந்திருந்தேன்? உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு மெஷினை நிறுத்திட்டு, கையால ஓரம் அடிச்சேன். சமையல்கட்டுல யாரு சார் பாத்திரம் உருட்டினது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு. அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் பக்கத்திலேயே இருந்தது உண்மை. மத்தியானம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் தெருமுனைக் கடையில்தான், அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

அதன் பிறகு அன்றைய அளவை எடுத்தேன். ஒரு விலக்கும் இல்லை. அறுபத்திரண்டு வந்தது. அதன் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்காம் தேதிப் பதிவைக் கேட்டேன். நாற்பத்தொரு இடத்திலும் முதலில் பாரம் ஏற்றிய டிப்பர் லாரி பள்ளத்திலிருந்து மேலே ஏறுகிறது, அதன் பிறகுதான் பாத்திரம் ஆடுகிறது. லாரி போனதும் பாத்திரம் அடங்கிவிடுகிறது. அதாவது சத்தம் அதிகமாக இருந்த நேரத்தை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி நானே என் கையால் எடுத்துப் போட்டிருக்கிறேன். சுரங்கத்துக்காரர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் வாங்கவில்லை. வாங்கிக்கொண்டு செய்தவன்கூட இத்தனை சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

அங்கிருந்தே ஆய்வகப் பொறுப்பாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர், "ரிப்போர்ட் போயாச்சு, பழசைக் கிண்டாதே. இன்னைய அளவையும் விடு, வேற நாள் எடுத்துக்கலாம். மெஷினைக் கொண்டுவந்து வை, காலையில பதிவைக் காலி பண்ணணும்" என்றார்.

அதன் பிறகு கருவியைப் பெட்டியில் வைத்து மூடி, அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தேன். இதற்குள் இரண்டு நாள் பதிவும் இருக்கிறது, அளவைச் சரிபார்க்கும் அரசாங்க அதிகாரி வந்து கேட்டால் மட்டும் கொடுங்கள், நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் தைத்த துணிகள் வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆகாது என்றேன்.

மறுநாள் காலை பொறுப்பாளர் மெஷின் எங்கே என்று கேட்டார். அங்கேயே வைத்துவிட்டு மறந்து வந்திருப்பேன் என்றேன். ஓய்வுக்கு நான்கு வருடம் பாக்கி இருக்கிறது, வேறு வேலையும் தெரியாது, வாயில் அதுதான் வந்தது. ஆய்வகத்திலிருந்து போய்க் கேட்டிருக்கிறார்கள், அந்தப் பெண்மணி தரவில்லை. திருட்டு என்று புகார் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் எங்கள் வண்டி டிரைவர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாரும் கொடுக்கலை, நானேதான் எடுத்து வெச்சேன்னு அந்த அம்மா ஒத்துக்கிச்சாம். வேலை சுலபமா முடிஞ்சுது."

என் பெயரை அவர் சொல்லவில்லை. அதைக் கேட்ட பிறகும் ஒரு நாள் முழுக்க வீட்டில் படுத்தே கிடந்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது. கண்ணை மூடினால் கட்டில்மேல் போர்த்தி வைத்திருந்த பாத்திரங்கள்தான் தெரிந்தன. ஒரு நாள் சரியான அளவு கிடைப்பதற்காக ஒரு மனுஷி வீட்டையே தூங்கவைத்த மாதிரி வைத்திருந்தார். இன்று எழுந்து இங்கே வந்தேன்.

அவர் திருடவில்லை. பெட்டி இப்போது இந்த நிலையத்தில் உங்கள் மேஜைக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். அந்தப் பதிவைக் கேட்காமல் ஆய்வகத்திடம் அதை ஒப்படைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது, எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார்கள். படித்தபோது ஒரு இடத்தில் "கருவியை அந்த வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்" என்று இருந்தது. அப்படியே இருக்கட்டுமே, உங்க வேலையாவது மிஞ்சும் என்று எழுத்தர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதை அடித்து, "அவர் கையில் நான் கொடுத்தேன்" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டும் என்னுடையவை. சொன்னது எல்லாம் உண்மை.

(ஒப்பம்)