இரண்டு காத்தி அரிசி

வெறும் மோர்ச் சோறானாலும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும். என் மனைவி அகதா இருந்தவரை அந்தக் குறை இல்லை. அவள் போன பிறகு மத்தியானச் சாப்பாடு ஒன்றுதான் சாப்பாடாக இருந்தது. அதற்குக் காரணம் வீரமுத்து.

அவனுக்கு நேர்ந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படி உங்கள் சங்கச் செயலாளர் பாலகிருஷ்ணன் கேட்டார். நாள் முழுவதும் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி செபாஸ்டியன் நான், எனக்கு எழுதுவதில் என்ன சிரமம்? எழுதுகிறேன்.

அலோர் காஜா சாலையிலுள்ள நம் தொழிற்சாலை பழைய துரையிடம் இருந்தபோது கெடுபிடி ஒன்றுமில்லை. சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கார் பாகங்கள் வரும். நான் எடுத்துக் கொடுப்பேன், வீரமுத்துவும் மற்றவர்களும் பூட்டுவார்கள். பன்னிரண்டு மணிக்கு அவன் கிரீஸ் கையை மரத்தூளில் துடைத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்துவிடுவான். அவன் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்கு, என் அவித்த முட்டையில் பாதி அவனுக்கு. ஆறு வருடம் இப்படிப் போனது.

பிறகு துரை விற்றுவிட்டுப் போனார், சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. புது மானேஜர் வந்த வாரமே வேலை நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் சங்கு ஊதத் தொடங்கியது. ஸ்டாஃப் சாப்பிட ஓர் அறை, தொழிலாளிகளுக்குப் பின்னால் கொட்டகை என்று பிரித்தார். ஸ்டாஃப் அறையில் ஆறு நாற்காலிகள். மானேஜரும் சீனக் கணக்கரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். மிச்சம் நான்.

எட்டுப் பேர் செய்த வேலையை ஐந்து பேருக்கு ஏற்றினார்கள். அவசரத்தில் ரங்கசாமிக்கு இரண்டு விரல் போனது. அதன் பிறகுதான் நீங்கள் சங்கம் கட்டி வீரமுத்துவைத் தலைவனாக்கினீர்கள். அது நியாயமான சங்கம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாஃபைச் சேர்க்க மாட்டோம் என்றீர்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவனை ஸ்டோருக்குக் கூப்பிட்டேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. கிராணிகிட்ட என்ன பேச்சுன்னு இவங்க கேக்குறாங்க. கொஞ்ச நாள் போவட்டும்லா."

ஐந்து மாதம் போனது. கொட்டகையில் அவன் சிரிப்பது எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும். எனக்கு அழுகை வந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

மலாயாவின் இந்த அவசரகாலச் சட்டம் உங்களுக்குத் தெரியும். சமைக்காத அரிசி ஒரு பிடிகூட அனுமதிச் சீட்டில்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று அர்த்தம். என் பங்கு அரிசியில் இரண்டு காத்தி நிறுத்தெடுத்து, அவன் சைக்கிள் பையில் ஸ்பானர்களுக்கு அடியில் வைத்தேன். வேலை முடிந்து அவன் எஸ்டேட் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாலைச் சோதனையில் பிடித்தார்கள். மானேஜருக்கு இதில் பங்கில்லை. பத்து நாள் உள்ளே இருந்தால் தலைவர் பதவி போகும், பழையபடி ஸ்டோருக்கு வருவான் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவனை மலாக்கா சிறையில் வைத்தார்கள். தங்கள் பெயரையும் குறித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் உங்களில் ஒருவரும் போகவில்லை. அவன் மனைவி மங்களத்துக்கு எஸ்டேட் கம்பி வேலியைத் தாண்ட அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அரை மணி நேரம் அவன் என்னிடம் மட்டும் பேசுவான். அகதா போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மூன்றாம் மாதம் விசாரணைக் குழு என்னை அழைத்தது. தனக்காகப் பேசுவேன் என்று நம்பி வீரமுத்துவே என் பெயரைக் கொடுத்திருந்தான். இதற்கு முன் இவன் அரிசி கொண்டுபோனதைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றால் அடுத்த வாரமே விட்டுவிடுவார்கள். விட்டால் நேராகக் கொட்டகைக்குத்தான் போவான். பார்த்திருக்கிறேன், இரண்டு முறை, என்றேன்.

இன்னும் சில மாதம் வைத்திருப்பார்கள் என்றுதான் எண்ணினேன். நாடு கடத்துவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நாலு வயதில் விட்டு வந்த இந்தியாவில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. மங்களமும் மூன்று பிள்ளைகளும் இங்கே நின்றுவிட்டார்கள்.

கப்பல் ஏறும் இடத்துக்கும் நான்தான் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?" என்றான்.

அரிசியை வைத்தவன் நான். பொய் சொன்னவனும் நான். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கம் சங்கம் என்கிறீர்களே, அவனுக்குக் கஷ்டம் வந்தபோது உங்களில் ஒருவராவது எட்டிப் பார்த்தீர்களா? கடைசிவரை அவன்கூட நின்றவன் நான் ஒருவன்தான்.