பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது

கம்ப்யூட்டரைத் திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மண்டையில் தட்டுவார்கள், சனியன் என்பார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் நான் ஓர் இயந்திரத்தைக்கூடக் கடிந்து பேசியதில்லை. அது சொன்னதைத்தான் செய்கிறது. தப்பு சொன்னவரிடம் இருக்கும். பொறுமையாகத் தேடினால் அகப்பட்டுவிடும். என் மச்சினனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தவனை எங்கள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டதே நான்தான். நாற்பது படுக்கை. எழுந்து நடக்க முடியாதவர்கள் மாதக்கணக்கில் படுத்திருக்கும் இடம். கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். ஐந்து வருடம் அவன் எனக்குக் கீழே இருந்தான். ஆறாவது வருடம் நிர்வாகி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "வேலைல நீங்க கெட்டிக்காரர்தான். ஆனா அவர் நாலு பேர்கிட்ட நல்லாப் பேசுறார். இனிமே பொறுப்பு அவர்கிட்ட இருக்கட்டும்" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நீங்க பெரியவர். அவன் தப்பு பண்ணா நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டேன். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறியதாக யாரும் சொல்ல முடியாது.

சர்வருக்கு வருகிறேன்; மருத்துவமனையின் எல்லா இயந்திரங்களையும் இணைக்கும் மையக் கம்ப்யூட்டர் அது. ஒவ்வொரு படுக்கையிலும் அழைப்பு மணி உண்டு. மூச்சு இயந்திரத்தில் இருப்பவர்களுக்குக் குழாய் நழுவினால் இயந்திரமே சத்தமிடும். இவை எல்லாம் சர்வர் வழியாகத்தான் நடைபாதையின் மறுகோடியில் இருக்கும் நர்ஸ் மேசைக்குப் போகும். கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆனால் சர்வர் உறக்கநிலைக்குப் போக வேண்டும். அதாவது தன் நினைவில் இருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குவது. கரண்ட் வந்ததும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலை பார்க்கும்.

எங்கள் சர்வர் தூங்கப் போகும்போது பாதியில் உறைந்துவிடும். திரை கறுப்பாகிவிடும், ஃபேன் சுற்றும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வரும். இதில் ஒரு சங்கடம், சர்வரை மற்ற இயந்திரங்களோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு மட்டும் உயிரோடு இருக்கும். அதனால் நர்ஸ் மேசையில் பச்சை விளக்கு எரியும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மணி எதுவும் அங்கே போய்ச் சேராது.

காரணம் எனக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. நெட்வொர்க் கார்டின் டிரைவர். வண்டி ஓட்டுகிறவர் என்று எழுதிவிடாதீர்கள்; கார்டை இயக்குகிற மென்பொருளுக்கு அந்தப் பெயர். தூங்கு என்று சர்வர் சொன்னால், கடைசியாகப் போட்ட புது டிரைவர் வலையிலிருந்து வராத ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அது கையை விட்டால்தானே மற்றவை தூங்க முடியும். பழைய டிரைவரைப் போட்டு, கார்டு சர்வரை எழுப்பலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நான்கு மாதம் அவன் மெமரியை மாற்றினான், டிஸ்க்கை மாற்றினான், பேட்டரியை மாற்றினான். புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஜெனரேட்டரைச் சோதிக்கக் கால் மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். ஜெனரேட்டர் மூச்சு இயந்திரங்களுக்கு மட்டும்தான், சர்வர் பேட்டரியில் ஓடும். புதன்கிழமைதோறும் சர்வர் உறையும். அவன் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவான். நிர்வாகி அவனை வைத்து வாங்குவார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு மூச்சு பலவீனமாகி எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து மூச்சு இயந்திரத்தில் வைத்தோம். சர்வர் அறைக்குப் பக்கத்து அறையை மச்சினன் கேட்டு வாங்கினான். வேலைக்கு நடுவே எட்டிப் பார்க்கலாம் என்றான். பார்க்கவும் செய்தான்.

பிறகு ஒரு நாள் காலையில் அவன் என் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"மாமா, கண்டுபிடிச்சிட்டேன். டிரைவர்தான். பழசைப் போட்டேன், சமத்தாத் தூங்கி எந்திரிக்குது."

"அப்படியா, நல்லது" என்றேன்.

"பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும். அம்மா பேர்தான், மறக்காது."

மூன்று புதன்கிழமைகள் சர்வர் உறையவில்லை. இனி யாரும் புதன்கிழமை சர்வர் அறையில் காத்துக் கிடக்க வேண்டாம் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். நான்காவது புதன்கிழமை மூன்று மணிக்கு மேல்மாடியில் ஒரு கூட்டம் வைத்தார். சர்வரை எப்படிச் சரிசெய்தான் என்று என் மச்சினன் எல்லோருக்கும் விளக்க வேண்டுமாம். என்னை அழைக்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, அவன் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு, புது டிரைவரைத் திரும்ப நிறுவினேன். அனுமதியையும் போட்டேன். அத்தையின் பெயரைத் தட்டும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் நின்றது. நர்ஸ் விதிப்படி அறை அறையாகப் போய்ப் பார்த்தார். பொறுப்பானவர். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மூன்று பத்துக்குச் சர்வர் உறைந்தது. மூன்றே காலுக்குக் கரண்ட் வந்தது. நர்ஸ் மேசைக்குத் திரும்பினார், பச்சை விளக்கைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

நான் சர்வர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பொத்தான் என் இடுப்புயரத்தில் இருந்தது. அவன் கூட்டம் முடிந்து இறங்கி வந்து இதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

பதினொரு நிமிடம் கழித்து அவன் வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தான், கறுத்த திரையையும் பார்த்திருப்பான். ஆனால் உள்ளே வரவில்லை. பக்கத்து அறைக்கு ஓடினான். அவன் எப்போதுமே அப்படித்தான், எது முதல் வேலை என்று தெரியாது. பிறகுதான் நான் பொத்தானை அழுத்தினேன்.

அத்தையின் குழாய் நழுவியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

அன்று மாலை எல்லோரும் வீட்டில் அழுதுகொண்டிருந்தபோது, ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய்ப் பழைய டிரைவரையே போட்டேன். சுத்தமாகச் செய்தேன். என் மனைவி தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். "உன்னை நம்பித்தானேடா அம்மாவை அங்க விட்டோம்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் வேலையை விட்டான். சாப்பாடு இறங்காமல் பாதியாக இளைத்துப் போனான். நான் இரண்டு பக்கமும் போய் ஆறுதல் சொன்னேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

போன வாரம் மருத்துவமனை அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் சர்வரைச் சோதித்துவிட்டு எழுதியிருக்கிறார்: உறைந்ததற்கான காரணம் கண்டறிய இயலவில்லை, யாரும் பொறுப்பல்ல. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் மனைவி அவனுக்குச் சோறு போட்டாள். நிர்வாகி அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறாராம்.

எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது, ஐயா. காரணம் கண்டறிய இயலவில்லையாம். காரணம் இல்லாமல் எந்த இயந்திரமும் உறையாது. சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவுகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்திருந்தால் அரை நாளில் சொல்லியிருப்பான். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவன் பக்கத்திலேயே இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொறாமையால் வந்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுத்தில் ஒரு தப்பு இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நீங்கள் இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். கேட்டது. நடுவில் ஒரு சுவர்தானே. அத்தையின் இயந்திரம் கரண்ட் வந்த சற்று நேரத்திலேயே கத்தத் தொடங்கிவிட்டது. நர்ஸ் மேசைவரை போகாத சத்தம், என் காதுக்குத் தெளிவாகக் கேட்டது. முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் முதலில் ஓட வேண்டியது பொறுப்பில் இருப்பவன் இல்லையா? அங்கே நான் வெறும் இரண்டாவது ஆள்தானே, ஐயா.