மூணாம் நம்பர் ஊசி

கடைக்காரம்மா: மூணு வேணாம்மா. சொன்னா கேளுங்க. அவ்ளோ மெல்லிசான மூணாம் நம்பர் பின்னல் ஊசிய ஆசையா வாங்கிட்டுப் போயி ஒரே வாரத்துல திரும்பக் கொண்டு வந்து நீட்டினவங்க எத்தனை பேர் தெரியுமா?

மனைவி: எனக்கு மூணுதான் வேணும்.

கடைக்காரம்மா: கம்பளி பின்ன ஆரம்பிச்சு மூணு மாசம்தானே ஆச்சு உங்களுக்கு?

மனைவி: மூணரை.

கடைக்காரம்மா: பெரிய அரை மாசம்! சார், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்.

கணவர்: நான் பை தூக்க வந்தவன்மா. என்னை விட்டுடுங்க.

மனைவி: பையும் இடது கையாலதான் தூக்குவார். வலது கை பேன்ட் பாக்கெட்லயே குடியிருக்கு. வாடகை குடுக்காததுதான் பாக்கி.

கணவர்: கடைல வந்து ஆரம்பிச்சாச்சா...

கடைக்காரம்மா: ஏன், கைக்கு என்ன சார்?

கணவர்: ஒண்ணுமில்ல.

மனைவி: ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுதும்மா. கட்டு பிரிச்சு ஏழு மாசம் ஆகுது. எலும்பெல்லாம் நல்லாக் கூடிடுச்சு, வெரல்தான் விறைச்சுப்போயிருக்குன்னார் டாக்டர். ஒரு ரப்பர் பந்து குடுத்து தினம் அழுத்துங்கன்னார். அந்தப் பந்து பீரோ மேல தூசி படிஞ்சு கெடக்கு.

கணவர்: பந்து வெச்சு விளையாட நான் என்ன கைக்கொழந்தையா?

மனைவி: கைக்கொழந்த பரவால்ல, சொன்னாக் கேக்கும். வாட்ச் ரிப்பேர் பண்றவர்மா இவர். இருபத்தாறு வருஷமா ஒரே கடை, ஒரே மேசை. முதலாளி அந்த மேசைய ஏழு மாசமா காலியா வெச்சிருக்கார். வரேனா, வரலியான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லணும். இல்லன்னா நாளைலேர்ந்து வேற ஆளு.

கணவர்: நீ ஊசி வாங்க வந்தியா, என் கதைய விக்க வந்தியா?

கடைக்காரம்மா: வரேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே சார்?

கணவர்: ஒரு தடவை போனேன்மா. வாட்ச் குடுக்க வந்த ஆளு எதிர்லயே நிக்கறார். எள்ளு மாதிரி ஒரு ஸ்க்ரூ. மூணு தடவை எடுத்தேன், மூணு தடவையும் கீழ விழுந்துது. நாலாவது தடவை அந்தாளே குனிஞ்சு தேடி எடுத்து என் கைல குடுத்தார்... விடுங்க. அவளுக்கு நூலைக் காட்டுங்க.

கடைக்காரம்மா: சரி சரி... எந்தக் கலர்மா?

மனைவி: சாம்பல். மெல்லிசா. இவருக்கு ஒரு ஸ்வெட்டர்.

கடைக்காரம்மா: எடுத்த எடுப்புல ஸ்வெட்டரா! இந்தாங்க, இது உறுத்தாது. ஆறு உருண்டை வேணும்.

மனைவி: இது... ம்ஹூம். இதுல அஞ்சு ஒரே சாய நம்பர், இது ஒண்ணு மட்டும் வேற. மாத்திக் குடுங்க. பின்னி முடிச்சா கலர் லேசா மாறி பாதில கோடு விழுந்த மாதிரி தெரியும்.

கடைக்காரம்மா: அட! லேபிளைத் திருப்பி சாய நம்பர் பாக்கறீங்களா? பத்து வருஷமா வரவங்களே பாக்க மாட்டாங்க. யாரு சொன்னா?

மனைவி: புத்தகத்துல போட்டிருந்துது.

கடைக்காரம்மா: நல்ல புத்தகம்தான்... ஆமா, போன வாரம் என்னோட அளவுத் தகட்டை வாங்கிட்டுப் போனீங்களே, எங்க?

மனைவி: ஐயோ, மறந்தே போச்சு. இந்தாங்க.

கணவர்: என்னது இது, ஓட்டை ஓட்டையா?

கடைக்காரம்மா: ஊசி நம்பர் அழிஞ்சு போச்சுன்னா இந்த ஓட்டைல விட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கலாம் சார். எது சரியா நிக்குதோ அதான் நம்பர்... சரிம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க பின்னினத ஒரு தடவை கண்ணால பாத்தாத்தான் மூணாம் நம்பர் குடுப்பேன்.

மனைவி: அதுக்கென்ன? கொண்டு வந்திருக்கேனே, மஃப்ளர்.

கணவர்: அதை எதுக்குடி தூக்கிட்டு வந்தே?

மனைவி: ஏன் பதறறீங்க? என் மஃப்ளர், நான் காட்டறேன்.

கணவர்: யாரு பதறினா? பாதி பின்னினத நாலு பேருக்குக் காட்டுவாங்களான்னு...

கடைக்காரம்மா: குடுங்கம்மா... அடக் கடவுளே! என்ன இது, ஒரு முனை போர்வை மாதிரி இருக்கு, மறுமுனை நாடா மாதிரி இருக்கு?

மனைவி: எட்டாம் நம்பர்ல ஆரம்பிச்சேனா, அப்புறம் ஆறு வாங்கினேன், அப்புறம் நாலு. நூலும் சேந்து மெலிஞ்சு போச்சு.

கடைக்காரம்மா: ஒரே மஃப்ளர்லயா? இதக் கழுத்துல போட்டா ஒரு பக்கம்தான் குளிராது... இருங்க. இருங்க இருங்க. அந்த லைட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க சார்.

மனைவி: என்ன, அவ்ளோ மோசமா?

கடைக்காரம்மா: இதப் பின்னினது நீங்க மட்டும்தானா?

மனைவி: வேற யாரு?

கடைக்காரம்மா: வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?

மனைவி: நாங்க ரெண்டு பேர்தான். பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா.

கணவர்: போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி இருக்கே. நேரமாச்சு, ஊசியக் கட்டுங்கம்மா.

கடைக்காரம்மா: இல்ல சார்... நான் முப்பது வருஷமா இதே பாத்துட்டு இருக்கேன். இதுல ரெண்டு கை இருக்கு.

மனைவி: ரெண்டு கையா?

கடைக்காரம்மா: கையெழுத்து மாதிரிதாம்மா இதுவும். நாலு விரல் அகலம் ஒரு கை, அடுத்த நாலு விரல் வேற கை. மறுபடி அந்தக் கை, மறுபடி இந்தக் கை. இப்படியே கடைசி வரைக்கும் வருது. சத்தியமா சொல்றேன்.

மனைவி: ஐயையோ! நான் லைப்ரரி வேலைக்குப் போறப்போ நாற்காலி மேல வெச்சுட்டுப் போறேன். சாயங்காலம் வந்தா அப்படியேதான் கெடக்கும்! என்னங்க... நம்ம வீட்டுச் சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?

கணவர்: பைத்தியமா உனக்கு? திருடன் வந்து மஃப்ளர் பின்னிட்டா போவான்?

மனைவி: பகல் பூரா நீங்கதானே வீட்ல இருக்கீங்க? யாரு வந்தா?

கணவர்: யாரும் வரல.

மனைவி: வராம எப்படி? யாரோ ஒருத்தி வந்து, என் நாற்காலில உக்காந்து, என் ஊசிய எடுத்து... எதிர்வீட்டம்மாவா?

கணவர்: வாயக் கழுவு! அந்தம்மாவுக்கு எதிர்ல நிக்கற ஆளையே அடையாளம் தெரியாது.

மனைவி: அப்ப யாரு? மூணரை மாசமா தினமும் வந்திருக்கா! சொல்லப்போறீங்களா இல்லியா?

கணவர்: மெதுவாப் பேசு...

மனைவி: மாட்டேன். யாரு?

கணவர்: ... நான்தான்.

கடைக்காரம்மா: என்னது!

மனைவி: நீங்களா?

கணவர்: முறைக்காத. மொத வாரம் நீ போனப்புறம் நாற்காலியத் தள்ளி வெக்கலாம்னு போனேன். ஒரு நூல் கண்ணி ஊசிலேர்ந்து நழுவித் தொங்கிட்டு இருந்துது. கண்ணுல பட்டுடுச்சு. ஒரு தப்பு கண்ணுல பட்டா எனக்கு சாப்பாடு எறங்காதுன்னு உனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் பிரிச்சேன். பிரிச்சத அப்படியே விட முடியுமா? உன் புத்தகத்தப் பாத்துத் திரும்பப் பின்னி வெச்சேன்.

மனைவி: ஒரு நாளா?

கணவர்: தினமும்தான். நீ தினமும் ஒரு தப்பு பண்ணினா நான் என்ன செய்ய? ஒரு நாள் ஓட்டை, ஒரு நாள் ஒரு கண்ணி கூடுதல்... இவ்ளோ ஆசையா பின்றவகிட்ட, நீ தப்புத் தப்பாப் பின்றேன்னு சொல்ல மனசு வரல. அதான்...

கடைக்காரம்மா: எனக்கு மயக்கமே வந்துடும் போலிருக்கு.

மனைவி: எந்தக் கையால?

கணவர்: என்ன?

மனைவி: எந்தக் கையால பின்னினீங்க?

கணவர்: ... ரெண்டு ஊசிய ஒரு கையால பிடிக்க முடியுமா?

மனைவி: கைய வெளில எடுங்க.

கணவர்: விடுடி, கடைல...

மனைவி: எடுங்கங்கறேன்ல! ம்... மடக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.

கடைக்காரம்மா: மடங்குதே சார்! நல்லா மடங்குதே!

கணவர்: மடங்கும். மடங்கறதுல என்ன இருக்கு?

மனைவி: முதலாளிக்கு ஃபோன் பண்ணுங்க. நாலரை மணிதான் ஆகுது.

கணவர்: பண்ணியாச்சு.

மனைவி: எப்போ?

கணவர்: காலைல. நீ குளிக்கப் போயிருந்தப்போ. வரலன்னு சொல்லிட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

மனைவி: ... என்ன சொல்றீங்க?

கணவர்: உண்மையத்தான் சொல்றேன்.

மனைவி: என்னை ஒரு வார்த்தை கேக்காமயா? ஐயோ... ஐயோ, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா நீங்க? நாலு வரைக்கும் கொண்டு வந்துட்டேனே! இன்னும் ஒண்ணுதானே பாக்கி...

கணவர்: என்ன நாலு? என்ன பாக்கி?

மனைவி: ஒண்ணுமில்ல.

கடைக்காரம்மா: உக்காருங்கம்மா, மொதல்ல உக்காருங்க. சார், அந்த ஸ்டூலை இழுங்க... முதலாளி என்ன சொன்னாராம்?

கணவர்: அவர் விடல. அஞ்சு மணி வரைக்கும் மேசைய யாருக்கும் தரமாட்டேன், யோசின்னார். யோசிக்க ஒண்ணுமில்லன்னு ஃபோனை வெச்சுட்டேன். கம்பளி வேற, வாட்ச் வேறம்மா. இவ பண்ற தப்பைத் திருத்த இந்தக் கை போதும். அங்க போதாது.

கடைக்காரம்மா: ஒரு நிமிஷம் சார். இதுல நீங்க பின்னினது எது?

கணவர்: எதுக்கு?

கடைக்காரம்மா: சும்மா காட்டுங்களேன்.

கணவர்: இதோ, இது. அப்புறம் இது, இது.

கடைக்காரம்மா: நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

கணவர்: என் வேலை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கி, ஆடாம அசையாம நிக்க வெச்சிருக்கேன். அவ பின்னினதப் பாருங்க, தொளதொளன்னு...

கடைக்காரம்மா: சார்... அது தொளதொள இல்ல. அதுதான் பழகின கை. கொறஞ்சது இருபது வருஷம் பின்னின கை. எல்லாக் கண்ணியும் ஒரே அளவு, மூச்சு விடற மாதிரி இருக்கு பாருங்க. புது ஆளோட கை உங்களோடதுதான். ஆரம்பத்துல கண்ணியெல்லாம் முறுக்கிட்டு, கழுத்தப் பிடிச்ச மாதிரி கெடக்கு. போகப் போகத்தான் சரியாகுது. ஆறாம் நம்பருக்கு அப்புறம் நல்லாவே வந்துடுச்சு.

கணவர்: நீங்க மாத்திச் சொல்றீங்க.

கடைக்காரம்மா: நான் எதுக்கு மாத்திச் சொல்லப்போறேன்? மூணரை மாசமா ஏமாந்தது நானும்தான். இப்படிப் பின்ற கை ஒரு கண்ணிய நழுவ விடாது சார். வேணும்னு நழுவ விட்டாத்தான் உண்டு.

கணவர்: ... சாய நம்பர் பாத்தே.

மனைவி: ம்.

கணவர்: புத்தகத்துல, கண்ணி நழுவினா எப்படி எடுக்கறதுன்னு போட்டிருந்த பக்கம் மடிச்சு வெச்சிருந்துது. நீ உனக்காக மடிச்சிருப்பேன்னு நெனச்சேன்.

மனைவி: நான்தான் மடிச்சேன்.

கணவர்: எப்போ கத்துக்கிட்டே நீ?

மனைவி: கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடி. ஹாஸ்டல்ல.

கணவர்: இருபத்திரெண்டு வருஷமா ஒரு ஊசிய நான் வீட்ல பாத்ததில்லியே!

மனைவி: எப்படிப் பாப்பீங்க? கல்யாணமாகி வந்த மொத வாரமே சொன்னீங்க. வாட்ச் தெறந்து வெக்கற வீடு, பஞ்சு, நூலு எதுவும் பறக்கக் கூடாதுன்னு. நானும் சரின்னு லைப்ரரில வெச்சுப் பின்னினேன், மத்தியானம் சாப்பிட்டுட்டு. பொண்ணு பொறந்தப்போ போட்ட மஞ்ச ஸ்வெட்டர் யாரு குடுத்தான்னு நீங்க இன்னிவரைக்கும் கேக்கல. இப்ப ஏழு மாசமா வீட்ல ஒரு வாட்ச்கூட தெறக்கல... அதான் நூலை எடுத்துட்டு வந்தேன்.

கணவர்: அப்ப அந்தத் தப்பெல்லாம்... தினமும்... வேணும்னேவா?

மனைவி: பின்ன? பந்து குடுத்தா தூக்கிப் போட்டீங்க. கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாம இருந்தேன். ஒண்ணும் நடக்கல. தப்பை மட்டும் நீங்க பாத்துட்டு சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரியும். நல்லா வந்துட்டு இருக்கிற பின்னல்ல ஒரு கண்ணிய வேணும்னு தள்ளி விடறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா உங்களுக்கு? மொத நாள் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கடைக்காரம்மா: எனக்கும் இப்ப வருதும்மா... அந்த மூணாம் நம்பர் எதுக்குன்னாவது இப்ப சொல்லிடுங்க. ஸ்வெட்டருக்கு நாலே போதும்.

மனைவி: இவரோட சின்ன ஸ்க்ரூ டிரைவர் வீட்டு டிராயர்ல துணி சுத்திக் கெடக்கும்மா. போன வாரம் உங்க அளவுத் தகட்டுல விட்டுப் பாத்தேன். மூணாம் நம்பர் ஓட்டைல போயி சரியா நின்னுது... இன்னும் அஞ்சு ஆகலங்க. ஃபோனை எடுங்க. அந்தக் கையால.