மதியம் வரை திறந்திருந்த கடை

அன்று காலை என் கடைப் பெயர்ப்பலகையை நானே என் காலில் போட்டுக்கொண்டேன். நகராட்சி அதிகாரி பார்க்க வருகிறாரே என்று துடைக்கப் போனேன். ஆணி கழன்றது, கட்டைவிரல் நகம் கறுத்தது. விளக்குக்கடைக்காரனுக்குப் பட்டப்பகலில் கண் தெரியவில்லை என்று நீங்கள் சிரிக்கலாம், ஐயா. நானும் சிரித்தேன். வீங்கின காலுக்குத் தொளதொளவென்று ஒரு செருப்பு வாங்கத்தான் பக்கத்துக் கடைக்கு நொண்டிக்கொண்டு போனேன்.

எங்கள் கடைத்தெருவைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வெளியே பெரிய அங்காடி வந்ததிலிருந்து ஒவ்வொரு ஷட்டராக இறங்கிவிட்டது. மூன்று கடையாவது நடந்தால் தெருவை விட்டுவைப்பதாகவும், இல்லையென்றால் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்குவதாகவும் நகராட்சி சொல்லியிருந்தது. இருந்ததே மூன்றுதான். மருந்துக்கடை, செருப்புக்கடை, நான்.

செருப்புக்கடை அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. நான் குனிந்ததும் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கூப்... கூப்..." என்றார்.

கூப்பிட்டிருப்பேன். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் கூட்டம் கூடும், கடையைப் பூட்ட வேண்டிவரும். அதிகாரி மதியத்துக்குள் வந்துவிடுவார். அண்ணன் ஆயுள் முழுக்க உட்கார்ந்த கடை. அது கார் நிற்கிற இடமாகிப்போவதை அவர் தாங்குவாரா? அவருக்காகத்தான் யோசித்தேன்.

சட்டையிலிருந்து விரல்களை மெதுவாகப் பிரித்தேன், தூங்கும் குழந்தையின் கையைப் பிரிப்பதுபோல. நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, சாயாமல் இருக்க இடுப்பை ஒரு துண்டால் கட்டினேன். முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பினேன். மடியில் ஒரு ஷூவை வைத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். வெக்கையாக இருந்ததால் ஃபேனையும் போட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.

ஒரு அம்மாவுக்குச் செருப்புகூட விற்றேன்.

அதிகாரி வந்தார். வாசலில் நின்றபடியே, "என்னங்க, பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாரு?" என்றார்.

"ஸ்டாக் பார்த்துட்டு இருக்காரு சார். அந்த நேரத்துல வீட்டம்மா கூப்பிட்டாலே காதுல விழாது."

"இப்படி ஒரு ஆள் இருந்தா கடை எப்படிங்க படுக்கும்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்காலிக் கைப்பிடியை அண்ணனின் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. கணக்குப் போடுகிறார் என்று அதிகாரி நினைத்திருக்கலாம்.

அவர் என் கடையையும் மருந்துக்கடையையும் பார்த்துவிட்டுப் போனபிறகு துண்டை அவிழ்த்தேன், போன் செய்தேன். அப்போதுதான் பார்த்ததாக எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை அவர். தெரு தப்பிவிட்டது.

பிறகு அவர் கடையையும் நானே திறந்தேன். விளக்குப் போடுவேன், ஷூக்களைத் துடைப்பேன், நாற்காலியைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவேன். என் கடைக்குத் திரும்பினால் சுவருக்கு அந்தப் பக்கம் விரல் தட்டும். எலியாக இருக்கும் என்று பொறி வைத்தேன். பொறி அப்படியே இருக்கிறது, தட்டுவதும் நிற்கவில்லை.

தெரு தப்பியதில் அண்ணனுக்குச் சந்தோஷம்தானே என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர், "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று மாத்திரை அட்டையை வெட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் மாதிரி எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

இன்று காலை அண்ணி சாவி வாங்க வந்தார். அன்று நடந்தது அவருக்கும் தெரியாது. அவரிடமும் கேட்டேன்.

"அண்ணி, இந்தத் தெருதானே அண்ணனுக்கு எல்லாம்?"

அண்ணி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தெருவா? அவருக்கு அந்தக் கடையைக் கண்டாலே ஆகாது தம்பி. எப்பவோ மூடிட்டு மக வீட்டுக்குப் போயிருப்பாரு. 'நானும் போயிட்டா அந்த விளக்குக்கடைக்காரன் தனியாளா நிப்பானே'ன்னு சொல்லித்தான், உங்களுக்காகத் தினமும் வந்து உட்கார்ந்திருந்தாரு."