பதினொரு நாளாக நகராத எண்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தோட்டத் தலைவர் வீரய்யா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கூடையை இறக்கிய கையோடு ஈரச் சேலையுடன் வந்திருக்கும் தாய்மார்களே, எவரையும் எளிதில் நம்பாத என் மலையகத்துச் சொந்தங்களே! பூண்டுலோயாவில் பிறந்த இந்த ஜெயந்தினி உங்களை வணங்குகிறேன்.

மண்சரிவுக்குப் பயந்து மூன்று வாரமாகப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடக்கும் இருபது குடும்பங்களிடம், "மலை நகர்வது நின்றுவிட்டது, லயத்து வீடுகளுக்குத் திரும்பலாம்" என்று சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். மலையின் நகர்வை அளக்கச் சரிவில் நட்ட கருவி பதினொரு நாளாக ஒரே எண்ணைக் காட்டுகிறதாம். அந்தக் கருவியின் மின்சில்லுக்குள் கூட்டல் சுற்றை வடிவமைத்தவள் நான். நான் சொன்னால் நம்பலாம் என்றார்கள். நம்பலாமா?

காலையில் லயத்தைப் பார்க்கப் போனேன். அங்கே குடியிருந்த மீனம்மாக்கா கூடவே வந்து தன் வீட்டுக் கதவைத் தள்ளிக் காட்டினாங்க. "மலை நின்னுருச்சுன்னா, போன வாரம் வந்து பாத்தப்ப சாத்துன கதவு இன்னைக்கு ஏன் சாத்த மாட்டேங்குது? ஒங்க மிஷினு பொய் சொல்லுதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. கருவிக்குப் போகும் கம்பியைச் சந்தேகித்தேன். கருவியைச் சந்தேகித்தேன். கடைசியில்தான் என்னைச் சந்தேகித்தேன்.

அந்தச் சில்லு போடுவது மிதக்கும் புள்ளிக் கணக்கு. பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் ஒரே அளவு இடம்தான். புள்ளி மட்டும் நகரும். இரண்டையும் கூட்ட, சிறியதைப் பெரியதற்கு நேராகத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளும்போது ஓரத்தில் விழும் இலக்கங்களைத் தாங்கக் கூடுதல் இடம் வேண்டும். சில்லு சிறுக்க வேண்டுமென்று அந்த இடத்தை வெட்டியவள் யார்? நான்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பத்தொன்பதரைக் கிலோவைப் பத்தொன்பது என்று எழுதினால், தாய்மார்களே, உங்களுக்கு வயிறு எரியாதா? எரியுது என்கிறீர்களா அம்மா? என் தாய்க்கும் எரிந்தது. அதைப் பார்த்து வளர்ந்த நானே அதே வெட்டை வெட்டினேன். பெருமழையில் மலை நகர்ந்து, சில்லு கூட்டிக்கொண்டே வந்த மொத்தம் பெரிதானது. அதன்பின் மயிரிழை மயிரிழையாக நகர்ந்ததெல்லாம் ஓரத்தில் விழுந்து தொலைந்தது. எண் நின்றது, மலை நிற்கவில்லை.

முன்வரிசையில் கணக்கப்பிள்ளை ஐயா முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். மண்டபத்தை விட்டு யாரும் லயத்துக்குத் திரும்ப வேண்டாம்! புதுச் சில்லு வர மாதங்கள் ஆகும். நானே கொண்டு வருவேன். அன்றைக்கும் அதை அப்படியே நம்பாதீர்கள். எண்ணைப் பார்க்குமுன் மீனம்மாக்கா வீட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். சாத்தாவிட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். என்னைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்ன என்னை இன்னும் இறக்கிவிடாத தலைவருக்கு நன்றி. என்னையே நான் சந்தேகிக்க வைத்த மீனம்மாக்காவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.